விரோதி: சொல்லின் வேரும் தமிழில் அதற்குரிய சொற்களும்

‘முன்விரோதம் காரணமாக’ என்ற தொடரை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். இதிலுள்ள விரோதம் வடசொல். தடுத்தல், மறித்தல் எனப் பொருள்படும் ‘ருத்’ என்னும் வினையடியோடு ‘வி’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்த இச்சொல், முதலில் தடையையும் முரண்பாட்டையும் குறித்து, பின்னர் மனிதரிடையே மூளும் பகைக்கும் பெயராயிற்று. முரண்பாடு என்னும் பழம்பொருள் தமிழ் அணியிலக்கணத்திலும் தங்கியிருக்கிறது. மாறுபட்ட சொல்லையும் பொருளையும் இணைத்துப் பாடுவதைத் தண்டியலங்காரம் விரோத அணி என்கிறது.

விரோதிக்கு ஈடாகப் பலரும் உடனே சொல்வது ‘எதிரி’. அது நல்ல தமிழ்ச்சொல்லே. ஆனால் எதிர் என்னும் அடியில் பகை இல்லை, முகத்துக்கு முகம் நிற்றலே உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, தான் இழந்த இல்லறக் கடமைகளைச் சொல்லும்போது, ‘துறவோர்க் கெதிர்தலும்’, ‘விருந்தெதிர் கோடலும்’ என்கிறாள். அங்கே எதிர்தல் என்பது வரவேற்றல். ஆகவே ஆட்டக்களத்தில் நமக்கு எதிரே ஆடுபவரை எதிராளி என்றும், வழக்கில் மறுபக்கம் நிற்பவரை எதிர்வாதி என்றும் சொல்வது மிகப் பொருத்தம். அவர்களை விரோதி என்பது, இல்லாத பகையை அவர்கள்மேல் ஏற்றுவதாகும்.

உள்ளத்தில் பகை கொண்டவரைக் குறிக்கப் பகைவர் என்ற சொல் இருக்கிறது. பிளவுபடுதலைக் குறிக்கும் பகு என்னும் அடியிலிருந்து பகை பிறந்தது என்பர். அதனினும் பழஞ்சாயல் உடையது தெவ். ‘தெவ்வுப் பகையாகும்’ என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது; ‘என்னைமுன் நில்லன்மின் தெவ்விர்’ என்று குறளின் வீரன் பகைவரை விளித்து எச்சரிக்கிறான். சினந்து அழிக்க முனைபவரைச் செறுநர் என்றனர்.

என்னை மிகவும் கவர்பவை எதிர்மறையில் அமைந்த பெயர்களே. ஒன்னார், நண்ணார், ஒட்டார், கூடார், மேவார் ஆகிய ஒவ்வொன்றும் ஒன்றாதவர், நெருங்காதவர், ஒட்டாதவர், கூடாதவர், விரும்பாதவர் என்றே பொருள் தருகிறது. சேர்ந்திருத்தலே மக்களின் இயல்பு என்றும், அதற்கு இசையாதவரே பகைவர் என்றும் கொண்ட ஒரு பார்வை இச்சொற்களில் பதிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார்’ என்ற குறளில், கைகூப்பி நிற்பவரும் உள்ளத்தால் ஒன்றாதவராக இருக்கக்கூடும் என்னும் எச்சரிக்கைக்கு ‘ஒன்னார்’ என்ற பெயரே பொருத்தமாக அமைகிறது.

இன்றைய எழுத்தில் இடமறிந்து மாற்ற வேண்டும். முன்விரோதத்தை முன்பகை என்றும், தேச விரோதியை நாட்டுப் பகைவர் என்றும் எழுதலாம். சட்டவிரோதத்தைச் ‘சட்டப்பகை’ ஆக்கினால் பொருள் கெடும். அங்கே சட்டத்துக்குப் புறம்பானது என்பதே சரி. அறுபது ஆண்டு வட்டத்தில் 23 ஆவதாக வரும் விரோதி ஆண்டு சிறப்புப் பெயராதலால், அதை மாற்றத் தேவையில்லை.