விமானி ஆகணுமா? கண்ணை இப்போதே காட்டுங்கள்

விமானப்படைத் தேர்வுக்குப் போய், மெடிக்கல் எனும் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் திரும்பி வந்த இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி வருவார்கள். எழுத்துத் தேர்வில் தேறியிருப்பார்கள், நேர்காணலையும் தாண்டியிருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து ஓடி, தண்டால் எடுத்து, உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பார்கள். ‘கண் ஃபெயில் டாக்டர்’ என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். இதற்கு முன்னால் எப்போது கண் டாக்டரிடம் போனீர்கள் என்று கேட்டால், ‘போனதே இல்லை, எனக்குத்தான் கண் நல்லாத் தெரியுதே’ என்பார்கள்.

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது. பிள்ளைக்கு விமானி ஆசை வந்துவிட்டது என்று தெரிந்தால், 12, 13 வயதிலேயே ஒரு முழுக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளியில் சுவரில் எழுத்துகளை மாட்டி வாசிக்கச் சொல்வார்களே, அது போதாது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். போர் விமானத்துக்கு ஒன்று, போக்குவரத்து விமானத்துக்கு ஒன்று, ஹெலிகாப்டருக்கு ஒன்று என்று பிரிவுக்குப் பிரிவும் மாறும். அவ்வப்போது திருத்தவும் செய்வார்கள். அதனால் எத்தனை பவர் வரை அனுமதி என்ற பட்டியலை நான் இங்கே போடப் போவதில்லை. நடப்பு அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணில் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பது எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில், 6/6 விஷயம், அதாவது சார்ட்டில் குறையில்லாமல் வாசிக்கிற பார்வை. ஒரு பெண் என் அறையில் சார்ட்டை மளமளவென்று கடைசி வரி வரை வாசித்தாள். கண்ணில் சொட்டு மருந்து போட்டு, முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் ப்ளஸ் இரண்டே முக்கால்! சாயங்காலம் படிக்க உட்கார்ந்தால் தலைவலி என்பாள் என்று அவள் அம்மா அப்போதுதான் சொன்னார். இளம் வயதில் கண்ணுக்குள் லென்ஸைச் சரிசெய்கிற தசை வலுவாக இருக்கும். ப்ளஸ் பவர் இருந்தாலும் அந்தத் தசை இறுக்கிப் பிடித்துச் சமாளித்துவிடும். தனக்குக் குறை இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்து அந்தத் தசையைச் சில மணி நேரம் ஓய்வெடுக்க வைக்கும். அப்போதுதான் உண்மையான பவர் வெளியே வரும். படை மருத்துவர்கள் இந்த மருந்தைப் போட்டுத்தான் பார்ப்பார்கள். வெளியில் பலர் போடாமலே பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. பரீட்சைக் காலத்தில் ராப்பகலாகப் புத்தகத்தையும் செல்போனையும் பார்த்து அதே தசை இறுகிப்போயிருக்கும். தூரத்தில் மங்கலாகத் தெரிய வைக்கிற மைனஸ் பவர், இல்லாமலே இருப்பது போலக் காட்டும். அதை நம்பிக் கண்ணாடி போட்டு, கனவையும் மூட்டை கட்டியவர்கள் இருக்கிறார்கள். சொட்டு மருந்து போட்டுப் பார்த்தால் மைனஸ் காணாமல் போகும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது, ‘மருந்து போட்டுப் பவர் பாருங்கள்’ என்று நீங்களே கேளுங்கள். அன்றைக்கு முழுக்கக் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே மைனஸ் பவர் இருந்தால்? பெரும்பாலும் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளமாக வளர்வதால் வருவது இது. பிறக்கும்போது அதன் நீளம் ஏறக்குறைய 17 மி.மீ.; பெரியவர்களுக்கு 24 மி.மீ. வாக்கில். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் இரண்டரை முதல் மூன்று பவர் வரை ஏறிவிடும். இந்த வளர்ச்சி வேகமாக நடப்பது ஏழெட்டு வயதிலிருந்து பதினைந்து, பதினாறு வயது வரை. ஒருமுறை நீண்ட கண் திரும்பச் சுருங்காது. 12 வயதில் காட்டுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். அந்த வயதில் வந்தால் வேகத்தையாவது குறைக்கலாம். தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில், திறந்த வெளியில் இருக்கிற பிள்ளைகளுக்கு மைனஸ் வருவதே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைந்த வீரியமுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும், இதற்கென்றே வந்திருக்கிற சிறப்புக் கண்ணாடிகளும் பவர் ஏறுவதை மட்டுப்படுத்தும். 19 வயதில் வந்து கேட்டால் இதில் எதுவும் பெரிதாகக் கைகொடுக்காது.

இங்கேதான் லேசர் பேச்சு வரும். இதில் நடக்கிற அவசரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பையனுக்கு 18 முடிந்த கையோடு லேசர் செய்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வந்தார் ஓர் அப்பா. சிகிச்சை எந்த வயதில் நடந்தது, முன்பு பவர் எவ்வளவு, விழிக்கோளத்தின் நீளம் எவ்வளவு, எந்த முறை, இப்போது கருவிழியின் (கார்னியா) தடிமன் என்ன என்று படிவம் வரிசையாகக் கேட்கிறது. அவர் கையில் இருந்தது இரண்டு வரிச் சீட்டு ஒன்று. அதில் ‘இரண்டு கண்ணும் லாசிக்’ என்று எழுதியிருந்தது, அவ்வளவே. பையனுக்குப் பவர் இன்னும் நிலைக்கவில்லை. மறுபடி மைனஸ் அரை ஏறியிருந்தது. எந்தப் படையின் விதியையும் பார்க்காமல், ‘கண்ணாடி போனால் போதும்’ என்று செய்துகொண்ட சிகிச்சை அது.

லேசர் கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கருவிழியைத்தான் செதுக்குகிறது. நீண்டுபோன விழிக்கோளம் அப்படியேதான் இருக்கும். அதன் பின்சுவரில் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கும். அது கிழிந்து பிரிகிற அபாயமும் மற்றவர்களை விட அதிகம்தான். கண்ணாடி இல்லாமல் 6/6 படிக்கிறவரிடம் போய் விழிக்கோளத்தின் நீளத்தை ஏன் அளக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். இதற்காகத்தான்.

எந்த முறையில் செய்தது என்பதும் முக்கியம். லாசிக்கில் கருவிழியின் மேல் அடுக்கை ஒரு மூடி போல வெட்டித் திறந்து, செதுக்கிவிட்டுத் திரும்ப மூடுவார்கள். பிஆர்கே முறையில் வெட்டு கிடையாது. மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். ஆறுவதற்கு நாளாகும், முதல் சில நாள் வலியும் இருக்கும், ஆனால் நகர்ந்துபோக மூடி என்று ஒன்று இல்லை. ஆபத்தில் விமானத்திலிருந்து விமானி இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முகத்தில் அடிக்கிற காற்றில் அந்த மூடி என்ன ஆகும் என்ற கவலை படைகளுக்கு நீண்ட காலம் இருந்தது. அமெரிக்கக் கடற்படை 1990-களிலேயே பிஆர்கே செய்துகொண்ட வீரர்களை ஆராயத் தொடங்கியது. அமெரிக்க விமானப்படை லாசிக் செய்தவர்களுக்கு விமானி வாய்ப்பைத் திறந்தது 2007-இல். இன்றும் சில படைகள் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கின்றன, சில இரண்டையும் மறுக்கின்றன, சில குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு செய்திருந்தால் மட்டும் ஏற்கின்றன.

லேசருக்கு முன்பு கருவிழியில் ஆரக்கால் போலக் கீறிவிடுகிற ஆர்கே என்ற அறுவை சிகிச்சை இருந்தது. அதைச் செய்துகொண்ட அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் 1996-இல் எவரெஸ்ட் ஏறும்போது, உயரத்தில் பார்வை மங்கி, உச்சிக்குப் போக முடியாமல் நின்றுவிட்டார். ஆக்சிஜன் குறைந்த காற்றில் அந்தக் கருவிழி வீங்கி வடிவம் மாறியதுதான் காரணம். தரையில் நன்றாக இருக்கிற கண் உயரத்திலும் அப்படியே இருக்கும் என்று படை மருத்துவர்கள் நம்பாததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம்.

மறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கருவிழியின் மேடுபள்ளங்களைப் படமெடுக்கிற கருவி எல்லாப் பெரிய மையங்களிலும் இருக்கிறது. லேசர் செய்த கண் அதில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். இரவில் போட்டுத் தூங்கினால் பகலில் பவர் குறைகிற லென்ஸ் ஒன்று உண்டு, ஆர்த்தோ-கே என்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மெடிக்கலுக்குப் போகிறவர்களையும் அதே படம் காட்டிக்கொடுக்கும். லென்ஸை நிறுத்திச் சில நாட்களில் பழைய பவர் திரும்பத் தொடங்கிவிடும். பயிற்சிக்குப் போன இடத்தில் அது நடந்தால், நீக்கத்தோடு பொய் சொன்ன பெயரும் சேரும்.

அப்புறம், நிறப்பார்வை. இதற்கு மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிற புத்தகத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய ராணுவ மருத்துவர் 1917-இல் வெளியிட்டது. ஒரு பையன் நான் பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தான். இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறான். புத்தகத்தின் பின்பகுதியில் எண்களுக்குப் பதிலாக வளைந்து வளைந்து போகிற கோடுகள் இருக்கும், விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. எண்ணே தெரியக் கூடாத பக்கங்களும் அதில் உண்டு. நிறக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் அங்கே எண் தெரியும். படைகள் இதோடு விடாமல் விளக்குகளை வைத்தும் சோதிக்கும். அந்தப் பையனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வயதில் ஐந்து நிமிடம் செலவழித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை அவன் பத்தொன்பதில் தெரிந்துகொண்டான்.

சிவப்பு-பச்சைக் குறைபாடு அம்மா வழியாக மகனுக்கு வருவது. அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனை அவசியம் சோதியுங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கும், பெண்களில் அரை சதவீதம் பேருக்கும் இது உண்டு. இதைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கிற வண்ணக் கண்ணாடிகள் சில நிறங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். மெடிக்கலில் அதைப் போட விடமாட்டார்கள்.

‘நிறம் தெரியாவிட்டால் என்ன, கருவிகள்தான் எல்லாம் செய்கின்றனவே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விபத்தைச் சொல்வேன். 2002 ஜூலையில் அமெரிக்காவின் டலஹாஸியில் ஒரு போயிங் 727 சரக்கு விமானம் விடியலுக்கு முந்தைய இருட்டில் ஓடுபாதைக்கு முன்பாகவே மரங்களில் மோதி விழுந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. களைப்போடு, விமானத்தை ஓட்டிய துணை விமானியின் நிறப்பார்வைக் குறைபாடும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. விமானத்தில் இருந்த மூவரும் உயிர் தப்பினார்கள் என்பதுதான் ஆறுதல்.

இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். வெளியே தெரியாத மறைந்த மாறுகண் பலருக்கு உண்டு. களைப்பிலும் ஆக்சிஜன் குறைவிலும் அது வெளிப்பட்டு, ஒன்று இரண்டாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு விமானம் இறக்கையோடு இறக்கை உரசாத குறையாகப் பறக்கிற நேரத்தில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போர் விமானத்தில் கண் படுகிற பாடே தனி. கூர்மையாகத் திரும்பும்போது உடல் எடை பல மடங்காகி, ரத்தம் கீழே இறங்கும். விழிக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் இருப்பதால், மூளைக்கு முன்பாக விழித்திரைக்குத்தான் ரத்தம் தடைபடும். முதலில் ஓரப்பார்வை போகும், நிறம் மங்கும், பிறகு முழு இருட்டு. நினைவு மட்டும் இருக்கும். அதற்கும் அடுத்த கட்டம்தான் மயக்கம். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சைப் பிடிக்கிற பயிற்சியும் சிறப்பு உடையும் இதைத் தள்ளிப்போடத்தான். நல்ல கண்ணுக்கே இந்தக் கதி.

செய்யக் கூடாததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கண்ணைக் கசக்காதீர்கள். அரிப்பு என்று வருடக்கணக்கில் கசக்கிக் கசக்கி, கருவிழி மெலிந்து கூம்பாகிப் போனவர்களைப் பார்க்கிறேன். பதின்ம வயதில் தொடங்குகிற நோய் அது. தொடங்கிவிட்டால் விமானி வாய்ப்பு அநேகமாக முடிந்தது. அலர்ஜிக்குச் சொட்டு மருந்து இருக்கிறது. பவரை எடுத்துவிடுகிற கண் பயிற்சி என்று விளம்பரம் வந்தால் காசைக் கொட்டாதீர்கள். நீண்ட விழிக்கோளத்தை எந்தப் பயிற்சியும் குறைக்காது.

ஏற்கெனவே மெடிக்கலில் திரும்பியவர்கள் ‘கண் ஃபெயில்’ என்ற சொல்லோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். காகிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது, தற்காலிகமா நிரந்தரமா, மறுபரிசோதனைக்கு எத்தனை நாள் அவகாசம் என்று படியுங்கள். முந்தைய நாள் வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்ததால் அளவு மாறியிருக்கலாம். மென்மையான லென்ஸ் என்றால் இரண்டு வாரமாவது, கடின லென்ஸ் என்றால் அதைவிடக் கூடுதல் நாளும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறப்பார்வையோ விழிக்கோள நீளமோ காரணம் என்றால் மறுபரிசோதனையில் மாறாது. அப்போது அதே அறிவிப்பில் பொறியியல், வானிலை, தளவாடப் பிரிவுகளுக்கான கண் தகுதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் அங்கே விதி தளர்வாகவே இருக்கும். வயது வரம்பு ஓடிக்கொண்டிருப்பதால் அந்த வாரமே பார்ப்பது நல்லது.