"பால் பத்தலை"

சளிக்குக் காட்ட ஒரு வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். எடை ஏழரை கிலோ. ஆள் சின்னதாக இருந்ததால் ஒல்லியாகவும் தெரியவில்லை. அம்மா தூக்கப் போனார். "இருங்கம்மா, நீளமும் பார்த்துடலாம்" என்று அளவுப் பலகையில் படுக்க வைத்தேன். பாட்டி தலையைப் பிடித்துக்கொள்ள, முழங்காலை மெல்ல அழுத்திக் குதிகாலில் கட்டையைச் சேர்த்தால் 67 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இந்த வயதில் 74 செ.மீ. சராசரி, ஏறக்குறைய 69-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றல்.

"நாங்க எல்லாருமே கட்டைதான் டாக்டர்" என்றார் பாட்டி.

பெற்றோர் உயரத்துக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அத்தனையும் பரம்பரையா?

பேச்சுக் கொடுத்ததில் கதை வந்தது. மூன்றாம் மாதம் குழந்தை சாயங்காலமானால் அழுதிருக்கிறது. பால் பத்தலை என்று வீட்டில் தீர்ப்பாகி, டின் பால் வந்தது. 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று டின்னிலேயே போட்டிருந்தது. விற்கிற விலைக்கு, 120 மி.லி.க்கு இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், வயிறும் நிறையும், சத்து பாதிதான். புட்டியோடு வயிற்றுப்போக்கும் வந்தது, மூன்று முறை. புட்டி பழகியதும் மார்பில் சப்புவது குறைந்தது. சப்பாவிட்டால் சுரக்காது. பொய்யாகச் சொன்ன "பத்தலை" கடைசியில் மெய்யாகிவிட்டது.

அழுகையை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. ஒரு வாரம் தாண்டிய குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் தாய்ப்பால் போதும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும்.

அப்புறம் ஆறாம் மாதம். இந்த வீட்டில் ரசம் சாதத்தைக் கரைத்து ஊட்டியிருக்கிறார்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகுகிற சாப்பாட்டில் தண்ணீர்தான் அதிகம். பருப்பு சாதத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடச் சொன்னேன், முட்டையும் கொடுக்கலாம். ராத்திரி இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள் என்றார் அம்மா. நல்லது, இரண்டு வயது வரைக்கும், அதைத் தாண்டியும் கொடுங்கள் என்றேன். இழந்த உயரத்தை ஓரளவாவது பிடிக்க இந்த ஒரு வருஷம்தான் சுலபமான காலம்.

மறுபடி அளக்க இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். வாசல் வரை போன பாட்டி திரும்பி வந்து கேட்டார்: "அப்போ கிரைப் வாட்டரும் வேணாமா?"