ஒரே பெட்டி, ஐந்து ராகங்கள்

கிட்டார் கற்க ஆரம்பித்த எல்லோருடைய விரலும் முதலில் போய் நிற்கும் இடம் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இருக்கும் ஏ மைனர் பென்டடானிக் பெட்டி, அதாவது ஐந்து சுரங்களுக்கு விரல் வைக்கும் இடங்களின் கட்டம். ஏ, சி, டி, ஈ, ஜி என்று ஐந்தே சுரம். எந்த வரிசையில் வாசித்தாலும் காதை உறுத்தாது, ஏனென்றால் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே குறைந்தது இரண்டு ஃப்ரெட் இடைவெளி இருக்கிறது. அப்புறம் கழுத்து முழுக்க இன்னும் நான்கு பெட்டிகளை மனப்பாடம் செய்துவிட்டு, அவைதான் மோட் (அதே சுரங்களில் வேறொன்றை ஆதாரமாக வைத்தால் பிறக்கும் சுர வரிசை) என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. கை நகர்ந்தால் மோட் மாறாது, ஆதார சுருதி, அதாவது ‘ச’ ஆக நிற்கும் சுரம், நகர்ந்தால்தான் மாறும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட வாசித்துக் கேட்பது சுலபம். ஐந்தாம் கம்பியை (ஏ) எங்கும் அழுத்தாமல் மீட்டி ஒலிக்கவிட்டு, அதன் மேல் இந்தச் சுரங்களை வாசியுங்கள்: சுத்த தன்யாசி. நான்காம் கம்பியை (டி) ஒலிக்கவிட்டால் அதே சுரங்கள் மத்தியமாவதி ஆகிவிடும், மூன்றாவதில் (ஜி) சுத்த சாவேரி, ஆறாவதில் (ஈ) ஹிந்தோளம். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சி இருக்கிறது, அதை ஆதாரமாக வைத்தால் மோகனம். நம் கர்நாடக இசையில் இதற்குப் பெயர் கிரக பேதம். (சுரங்களை அசைத்து வளைக்கும் கமகம் சேர்ந்தால்தான் அது முழு ராகம், இங்கே நான் சொல்வது சுர வரிசையை மட்டும்.)

காது ஏன் இப்படி மாறிக் கேட்கிறது? 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஏ கம்பிக்குள்ளேயே 220, 330, 440 என்று மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. 330 என்பது ஈ, அதாவது ஏ-யை ‘ச’ என்று வைத்தால் வரும் ‘ப’, பஞ்சமம், அதனால் ஈ வாசிக்கும்போது கம்பியோடு ஒட்டி அமைதியாக உட்காருகிறது. ஆனால் ஆறாம் கம்பியான ஈ-யை ஆதாரமாக்கினால் அதற்குள் கேட்கும் பஞ்சமம் பி, அது நம் ஐந்து சுரங்களில் இல்லவே இல்லை, ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாதே! அந்த ராகத்தின் ஏக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஏழு சுர மோட்கள்? ஏ-யை ஆதாரமாக வைத்துப் பார்த்தால், ஏ-க்கும் சி-க்கும் நடுவே ஒரு காலியிடம், ஈ-க்கும் ஜி-க்கும் நடுவே இன்னொன்று. முதலாவதில் பி, இரண்டாவதில் எஃப் ஷார்ப் (எஃப்-க்கு ஒரு ஃப்ரெட் மேல்) போட்டால் டோரியன், நம் கரகரப்ரியா. எஃப் ஷார்ப்பை எஃப் ஆக்கினால் ஏயோலியன், நடபைரவி. பி-யையும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஃப்ரிஜியன், அதாவது தோடியின் சுரங்கள். பெட்டி அப்படியேதான் இருக்கிறது, பி-க்காக ஆறாம் கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டில் இருந்த விரல் ஆறாவதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.