டிரை ஒயின்: வற்றியது எது?

டிரை ஒயின்: திராட்சைச் சாற்றின் சர்க்கரை அநேகமாக முழுவதும் நொதித்துத் தீர்ந்த ஒயின். ஏற்ற தமிழ்: இனிப்பற்ற ஒயின். தவிர்க்க வேண்டியது: உலர் ஒயின்.

‘உலர்’ ஏன் கூடாது? தமிழில் உலர்வது ஈரம். துணி உலரும், நெல் உலரும். ஒயின் குப்பியில் ஈரத்துக்கு என்ன குறை? போதாததற்கு, உலர் திராட்சை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதன் தித்திப்பும் எல்லோருக்கும் தெரியும். ‘உலர் ஒயின்’ என்று படிப்பவர் அது உலர் திராட்சையில் செய்தது என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் பிழையில்லை. அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு: பறித்த திராட்சையை வாரக்கணக்கில் வாட்டிப் பிழியும் இத்தாலியின் பஸ்ஸீத்தோ. அதில் பெரும்பாலானவை இனிப்பானவை. நேர்மாறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது இந்த மொழிபெயர்ப்பு.

மூலச் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘சிக்குஸ்’ என்றால் ஈரமற்றது. அதன் வழிவந்தவை பிரெஞ்சின் ‘செக்’, இத்தாலியத்தின் ‘செக்கோ’, ஸ்பானியத்தின் ‘சேக்கோ’. ஆங்கில ‘டிரை’, ஜெர்மன் ‘ட்ரொக்கன்’ இரண்டும் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. ஒயினைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே, இனிப்பில்லாதது. அந்த மொழிகளில் இது பழகிப்போன உருவகம். தமிழில் அது பழகவில்லை.

தமிழில் நெருங்கி வரும் வினை ‘வற்று’. பால் வற்றிய மாடு என்கிறோம். மாடு காய்ந்துவிடவில்லை, பால் நின்றுவிட்டது. ஒயினிலும் அதுதான் நடக்கிறது. ஈஸ்ட் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஆகவே 12.5 சதவீத ஒயினுக்குச் சாற்றில் லிட்டருக்கு 210 கிராம் அளவில் சர்க்கரை இருந்திருக்க வேண்டும். அது தீரும்வரை நொதிக்க விட்டால், ஈஸ்ட்டால் தின்ன முடியாத சில சர்க்கரைகள் மட்டும் ஒன்றிரண்டு கிராம் மிஞ்சும். தொட்டி குளிர்ந்தாலோ, ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்து போதாவிட்டாலோ நொதிப்பு பாதியில் நின்று, வேண்டாத இனிப்பு தங்கிவிடும். விளக்கும்போது ‘சர்க்கரை வற்றிய’ என்று சொல்லலாம். பெயராக ‘இனிப்பற்ற’ என்பதே போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதை எண்ணில் சொல்கிறது. மிஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்குள் இருந்தால் டிரை. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை போகலாம். ஆனால் டார்டாரிக் அமிலக் கணக்கில் மொத்த அமிலம் சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. அதாவது 9 கிராம் சர்க்கரைக்கு 7 கிராம் அமிலமாவது வேண்டும்.

இந்தத் தளர்வு ஏன் என்பதைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். இரண்டு டம்ளரில் தலா 250 மில்லி தண்ணீர், ஒவ்வொன்றிலும் 2 கிராம் சர்க்கரை, அதாவது அரைத் தேக்கரண்டி. ஒன்றில் மட்டும் 30 மில்லி எலுமிச்சைச் சாறு. சாறில்லாததில் இனிப்பு தட்டும். மற்றதில் முகம் சுளிக்கும். சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான்.

இனி இரண்டு இனிப்பற்ற வெள்ளை ஒயின்கள்: பிரான்சின் ஷாப்லியும் சான்சேரும். இரண்டும் ஊர்ப் பெயர்கள்; குப்பியில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது. ஷாப்லி பர்கண்டி வட்டாரத்தின் வடகோடி, திராட்சை ஷார்டொனே. சான்சேர் லுவார் ஆற்றின் இடது பக்கம், திராட்சை சோவின்யோன் ப்ளாங். இரண்டு ஊரிலும் சுண்ணாம்பு மண். இரண்டிலும் மிஞ்சும் சர்க்கரை பொதுவாக 4 கிராமுக்குள்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதிதாகக் குடிப்பவர் பலர் சான்சேரைக் காட்டி ‘இது கொஞ்சம் இனிப்பு’ என்பார்கள்.

ஏமாற்றுவது மூக்கு. சான்சேரில் கசக்கிய புல்லும் குடைமிளகாயும் மணப்பது பைரசீன் என்னும் மணச் சேர்மங்களால். பம்ளிமாசும் பேஷன் பழமும் மணப்பது தயால் என்னும் கந்தகச் சேர்மங்களால். பழ வாசனை வந்ததும் மனம் இனிப்பை எதிர்பார்த்துவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள்: இனிப்பு காணாமல் போனால் அது வாசனை, நாக்கில் நின்றால்தான் சர்க்கரை.

ஷார்டொனே அடக்கமான திராட்சை. ஷாப்லியில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடை. இதை மினரல் என்பார்கள். பாறை கரைந்து ஒயினில் வந்துவிட்டதாக அர்த்தமில்லை, அது ஓர் ஒப்புமைதான். ஷாப்லியில் நொதிப்பைத் தவிர இரண்டாவது மாற்றமும் பெரும்பாலும் நடக்கும்: பச்சை ஆப்பிளின் மாலிக் அமிலம் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாறும். அதனால் புளிப்பின் கூர் மழுங்கி, நடுநாக்கில் கனம் கூடும். சான்சேரில் பலர் இதை நடக்க விடுவதில்லை. புளிப்பு சுருக்கென்று முன்னால் வந்து, எச்சிலை ஊறவைத்துவிட்டுப் போகும்.

இதே ஷார்டொனேயைப் புதிய ஓக் பீப்பாயில் வைத்தால் வெனிலா மணம் ஏறும். அதையும் இனிப்பு என்றே நாக்கு நம்பும். ஷாப்லியில் எஃகுத் தொட்டியே அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் குறைவு.

குளிரும் விளையாடும். குளிர்பெட்டியின் 4 டிகிரியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் தெரியும். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சான்சேருக்கு 8 முதல் 10, ஷாப்லிக்கு 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் சரி. கோப்பையில் 50 மில்லி ஊற்றினால் சுழற்றி மோந்து பார்க்க இடம் இருக்கும்.

‘டிரை’ என்ற சொல் இன்னொன்றையும் விழுங்கிவிட்டது: வாய் வறண்டு ஒட்டும் உணர்வு. அது சர்க்கரை இல்லாததால் வருவதல்ல. தோல், விதை, பீப்பாய் ஆகியவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. ஆங்கிலம் இங்கே தடுமாறுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் வைத்த மொழிக்கு அந்தத் தடுமாற்றம் தேவையில்லை. ஆக, மொழிபெயர்ப்பவர் ‘டிரை’யைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரையைப் பற்றிய பேச்சா? இனிப்பற்றது. வாய் ஒட்டுகிறதா? துவர்ப்பு. பற்களின் ஓரம் கூசுகிறதா? புளிப்பு. ஷாப்லியும் சான்சேரும் முதலாவதும் மூன்றாவதும். துவர்ப்பு அவற்றில் அரிது.

ஒயினுக்கே தமிழ் வேண்டுமென்றால் ‘தேறல்’ இருக்கிறது. தேறு என்றால் தெளிவது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கலத்தில் கொண்டுவருவதும் ‘தண்கமழ் தேறல்’தான். விவிலியத் தமிழின் ‘திராட்சரசம்’ இந்த இடத்துக்கு ஒத்துவராது. நொதிக்காத சாற்றுக்கும் அதே பெயர் பொருந்திவிடும். ஆனாலும் கடைப் பலகையில் ‘இனிப்பற்ற வெள்ளை ஒயின்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும், தேறல் கட்டுரைக்கு.

ஓர் இடத்தில் ‘இனிப்பற்ற’ என்றும் எழுதக் கூடாது: ஷாம்பெய்ன் போன்ற நுரைக்கும் ஒயின். அங்கே ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, ‘எக்ஸ்ட்ரா டிரை’ 12 முதல் 17 வரை, வெறும் ‘செக்’ என்றால் 17 முதல் 32 கிராம் சர்க்கரை.