லஞ்சம் கொடுத்தவர்மேலும் வழக்கு வரலாம்: 7 நாள் விதி என்ன சொல்கிறது?

பட்டா மாற்றம், மின் இணைப்பு, கட்டட அனுமதி என்று எதற்காவது அலைந்துகொண்டிருக்கும்போது, "மேலே கொஞ்சம் செலவாகும் சார்" என்று ஒருவர் காதில் போடுகிறார். வேறு வழியில்லாமல் கொடுத்தும் விடுகிறோம். வாங்கியவர்தானே மாட்டுவார், நமக்கென்ன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2018 ஜூலை 26-க்குப் பிறகு அப்படி நிம்மதியாக இருக்க முடியாது.

1988-ல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தில் 24-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. அரசு ஊழியர் மீதான வழக்கில் "ஆமாம், நான் பணம் கொடுத்தேன்" என்று சொன்னவரை, அந்த வாக்குமூலத்துக்காகவே குற்றவாளி ஆக்கக்கூடாது என்றது அது. 2018 திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. இப்போதைய 8-வது பிரிவின்படி, அரசு ஊழியரைக் கடமையிலிருந்து பிறழச் செய்வதற்காகப் பணமோ பொருளோ கொடுத்தாலும், தருவதாக ஒத்துக்கொண்டாலும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதற்கு வெளிநாட்டுப் பின்னணியும் உண்டு. 2003-ல் உருவான ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, கொடுப்பது, வாங்குவது இரண்டையும் குற்றமாக்கச் சொல்கிறது. இந்தியா அதை 2011-ல் ஏற்று உறுதிசெய்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977 சட்டம், வழக்கமான வேலையை விரைவுபடுத்தத் தரும் தொகைக்கு விலக்கு அளிக்கிறது. நம் சட்டத்தில் வாங்குகிற ஊழியருக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலையை முறைப்படிதான் செய்து கொடுத்தேன் என்று வாதாடினாலும், அதற்குக் காசு வாங்கியிருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நடுவில் நிற்கும் புரோக்கருக்கும் அதே தண்டனை.

சரி, வற்புறுத்தலுக்குப் பணிந்து கொடுத்தவர் என்ன செய்வது? அவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. பணம் கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் 8-வது பிரிவு அவர்மேல் பாயாது. எழுத்தில் கொடுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வரிசையைத் தாண்டிப் போக ஆசைப்பட்டுத் தானே நீட்டியவர் இந்தக் கதவு வழியாக நுழைய முடியாது.

என்னைக் கேட்டால் 7 நாள் ரொம்பக் குறைவு. கோப்பு இன்னும் அதே மேசையில் கிடக்கும்போது எத்தனை பேர் துணிந்து புகார் எழுதுவார்கள்? போதாததற்கு, முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-ல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

அதனால் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. முன்கூட்டித் தகவல் தந்துவிட்டு, அதிகாரிகளுக்கு உதவியாகப் பணம் கொடுப்பவர்மேல் 8-வது பிரிவு பாயாது. மாநில அரசு ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத்துறையில் புகார் கொடுக்கலாம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம் என்பது அதன் முழுப்பெயர். தலைமை அலுவலகம் ஆலந்தூரில் இருக்கிறது. வருமான வரி, சுங்கம், ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறையினர் என்றால் சிபிஐயின் சென்னை ஊழல் தடுப்புப் பிரிவு.

அப்புறம் நடப்பது செய்தித்தாளில் படித்ததுதான். நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவரின் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாகும். ஆனால் நிறம் மாறினால் மட்டும் வழக்கு நிற்காது. அவர் கேட்டார், கேட்டு வாங்கினார் என்ற இரண்டையும் நிரூபிக்க வேண்டும். உங்களோடு ஒரு சாட்சியையும் அனுப்புவது இதற்காகத்தான். தொகையைச் சொல்லி அவர் கேட்பதற்கு முன் நீங்களாகக் கையில் திணித்துவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகும். பேசியதற்குப் பதிவோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். புகார்தாரர் இறந்துவிட்டாலும், பிறழ்சாட்சியாக மாறினாலும், மற்ற ஆதாரங்களையும் சூழ்நிலைச் சான்றுகளையும் வைத்து இந்த இரண்டையும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

கையும் களவுமாகப் பிடிபட்டவரைக் கைது செய்ய அரசின் முன்அனுமதி தேவையில்லை. நீதிமன்றத்தில் வழக்கு நடத்தத்தான் அனுமதி வேண்டும். அதை 3 மாதத்தில் தர முயல வேண்டும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னொரு மாதம். விசாரணையை 2 ஆண்டில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், காரணத்தை எழுதிவைத்து 6 மாதம் 6 மாதமாக நீட்டிக்கலாம். மொத்தத்தில் சாதாரணமாக 4 ஆண்டைத் தாண்டக்கூடாது. சாட்சிக்கூண்டில் ஏறும் நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், புகாரின் நகல், ஒப்புகை, முதல் தகவல் அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.