விண்ணகரம்: வானத்து ஊரா, பெருமாள் வீடா?

கும்பகோணத்திலிருந்து ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போகிறவர்களிடம் அந்தத் தலத்தின் பெயரான ‘திருவிண்ணகர்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ‘விண்ணில் உள்ள நகரம், அதாவது வைகுண்டம்’ என்பார்கள். பிரித்தாலும் வரும்: தண் + நீர் தண்ணீர் ஆவது போல விண் + நகரம் விண்ணகரம். இலக்கணம் தடுக்காது. ஆனால் சொல் வந்த வழி வேறு.

மகேந்திரவாடிக் குடைவரைக் கோயிலை அங்குள்ள பல்லவர் கல்வெட்டு ‘மகேந்திர விஷ்ணு கிருகம்’ என்கிறது. கிருகம் என்றால் வீடு. பிராகிருதத்தில் அது ‘கர’. கிருஷ்ணன் கண்ணன் ஆனபோது ‘ஷ்ண’ தேய்ந்து ‘ண்ண’ ஆனதல்லவா, விஷ்ணுவும் அப்படியே ‘விண்ணு’ ஆனார். இரண்டும் சேர்ந்தது விண்ணகரம். கல்வெட்டுகளில் பெருமாள் கோயிலுக்கு இது பொதுப்பெயர். சிவன் கோயிலுக்கு ஈச்சுரம், சமணருக்கும் பௌத்தருக்கும் பள்ளி. அதனால்தான் காஞ்சியில் பரமேச்சுர விண்ணகரம், நாதன்கோயிலில் நந்திபுர விண்ணகரம், சீர்காழியில் காழிச்சீராம விண்ணகரம் என்று முன்னால் ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது. வானத்து ஊர் ஒன்றுதானே இருக்க வேண்டும், இத்தனை எதற்கு?

இருந்தும் தவறான பிரிப்பு நிலைத்தது. விண்ணவர், வானோர் என்று தேவர்களை மேலே குடியேற்றிப் பழகிய காது அது. தமிழில் ‘வான்’ என்பது ஆகாயம் மட்டுமில்லை, மழையும்தான். ‘சிறப்பொடு பூசனை செல்லாது வானம் வறக்குமேல் வானோர்க்கும் ஈண்டு’ என்ற குறளில் வானமும் வானோரும் ஒரே மூச்சில் வருகிறார்கள்: மழை நின்றால் சாமிக்கும் திருவிழா இல்லை. கொடுப்பது மேலிருந்து வருகிறது, கொடுப்பவரும் அங்கேதான் இருப்பார் என்ற கணக்கு. (டெல்டாக்காரருக்கு ‘மேலே’ என்பது மேற்கும்கூட. காவிரித் தண்ணீர் வருகிற திசை அது.) சீர்காழிப் பெருமாள் தாடாளனோ ஒரு காலைத் தூக்கி உலகளந்த கோலத்தில் நிற்கிறார். அந்தக் காலைப் பார்த்தபின் ‘விண்’ என்று கேட்காமல் எப்படி இருக்கும்?

‘நகர்’ என்றே பிரித்தாலும் அதற்குப் பழந்தமிழில் மனை, கோயில் என்ற பொருள்கள் உண்டு. ஊர் என்று மட்டும் கொள்வது இன்றைய பழக்கம்.

எழுதும்போது ‘வின்னகரம்’ என்று றன்னகரம் போட்டால் சொல்லே போயிற்று. நல்ல தமிழில் வேண்டுமென்றால் திருமால் கோட்டம் எனலாம். புகார்க் கோயில்கள் பலவற்றைச் சிலப்பதிகாரம் கோட்டம் என்கிறது, சூரியனுக்கு அங்கே உச்சிக்கிழான் கோட்டம். சொர்க்கத்துக்கு விண்ணகரத்தை இழுக்க வேண்டாம். அதற்குத் துறக்கம் என்ற பழஞ்சொல் இருக்கிறது: காவிரி கடலில் கலக்கும் பூம்புகார்த் துறையைப் பட்டினப்பாலை ‘துறக்கம் ஏய்க்கும்’ என்கிறது, துறக்கத்தைப் போன்றது என்று.