தேனீ வளர்ப்போருக்கும் கயிறு திரிப்போருக்கும் பொது வசதி மையம்: ஸ்ஃபூர்த்தி மானியத்தை ஓர் அமைப்பு பெறுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களில் பலர் சிறு ஆட்கள். பெட்டி அவர்களுடையது, தோட்டம் வேறொருவருடையது. ரப்பர் துளிர்விடும் மாதங்களில் எடுக்கும் தேனில் ஈரம் கூடுதலாக இருக்கும். உணவுப் பாதுகாப்புத் தரப்படி அதை 20 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கான பதப்படுத்தும் இயந்திரத்தை வாங்கும் வசதி தனியாளுக்கு இல்லை. ஆகவே வியாபாரி சொல்லும் விலைக்குத் தேன் டின்னோடு போய்விடுகிறது. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரின் பலன் பெட்டிக்காரரின் கைக்கு வர வேண்டுமென்றால் பதப்படுத்துவதும் புட்டியில் அடைப்பதும் அவர் கையில் இருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் கயிறு திரிக்கும் பெண்களின் நிலையும் இதேதான். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, தும்பாக (நாராக) மாற்றும் இயந்திரம் இன்னொருவருடையதாக இருக்கும்வரை, ராட்டுச் சுற்றும் கைக்குக் கிடைப்பது கூலி மட்டும்.

இப்படிப்பட்டவர்களைத் திரட்டி வேலை செய்யும் அமைப்புகளுக்காகவே மத்திய அரசு 2005இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது; அதை நடத்துவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகம். பாரம்பரியத் தொழில்கள் மறுமலர்ச்சி நிதித் திட்டம் என்பது பொருள், வழக்கில் 'ஸ்ஃபூர்த்தி'. 2014இல் அதைத் திருத்தி அமைத்தார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். இது தனி நபருக்குக் கையில் தரும் பணமும் அல்ல, கடனும் அல்ல. தனியாகத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மானியம் வேண்டுவோருக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. ஸ்ஃபூர்த்தியில் பணம் ஓர் அமைப்பின் வழியாக வந்து, பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையமாகவும், மூலப்பொருள் இருப்பாகவும், கருவிகளாகவும், பயிற்சியாகவும் மாறுகிறது. தொண்டு நிறுவனம், ஊராட்சி அமைப்பு, அரசு அல்லது அரசு சார்ந்த நிறுவனம், பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறக்கட்டளை ஆகியவை செயல்படுத்தும் அமைப்பாக விண்ணப்பிக்கலாம்.

தொகையைப் பார்ப்போம். ஒரே தொழில் செய்வோரைச் சேர்த்த தொகுப்பைக் குழுமம் என்கிறார்கள். 500 கைவினைஞர்கள் வரையுள்ள குழுமத்துக்கு உச்சவரம்பு 2.5 கோடி ரூபாய். அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 5 கோடி. பயிற்சி, வடிவமைப்பு, சந்தை அறிமுகம் போன்றவற்றுக்கு 25 லட்சம் வரை முழுச் செலவையும் அரசு ஏற்கும். கட்டடம், இயந்திரம் ஆகியவற்றில் 90 சதவீதம் அரசுடையது. மீதி 10 சதவீதத்தை அமைப்பின் தரப்பில் போட வேண்டும்.

இந்தப் பத்தைச் சின்ன எண்ணாக நினைக்க வேண்டாம். 300 கயிறு தொழிலாளிகளைக் கொண்ட குழுமம் ஒன்று கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் 1.5 கோடியில் திட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு 1.35 கோடி தரும். மிச்சம் 15 லட்சம். 300 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 5,000 ரூபாய். கூலியில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அது ஒரே தவணையில் எடுத்து வைக்கும் காசு அல்ல. எனவே திட்ட அறிக்கை எழுதுவதற்கு ஓராண்டுக்கு முன்பே சிறு தவணைகளாகப் பங்குத்தொகை சேர்க்கத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. வெளியிலிருந்து ஒரு முதலாளி 15 லட்சத்தையும் போட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். மையம் யார் சொல்கேட்டு நடக்கும் என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும்.

இன்னொரு பெரிய தடை நிலம். நிலத்தின் விலை மானியக் கணக்கில் வராது, அதை அமைப்பே ஏற்பாடு செய்ய வேண்டும். 1,672 சதுர கிலோமீட்டருக்குள் 2011 கணக்கெடுப்பின்படியே 18 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் மாவட்டம் இது. சாலையோரம் இருபது சென்ட் வாங்குவதென்றால் மானியத்தை விடக் கவலை பெரிதாகிவிடும். செயல்படாமல் கிடக்கும் கூட்டுறவுச் சங்க இடமோ, ஆலய நிர்வாகத்தின் காலி மனையோ நீண்ட காலக் குத்தகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். வாய்மொழி உறுதி போதாது, பத்திரம் வேண்டும்.

மையத்தின் உரிமைக்காகச் சிறப்பு நோக்கு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். சங்கமாகவோ, கூட்டுறவாகவோ, உற்பத்தியாளர் நிறுவனமாகவோ, அறக்கட்டளையாகவோ இருக்கலாம். விதிகளை எழுதும்போது தொழிலாளிகளே உறுப்பினர்களாகவும் நிர்வாகிகளாகவும் வரும்படி எழுதுங்கள். அமைப்பை நடத்துபவர்களின் உறவினர் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுத் தொடங்கும் நிறுவனத்தில், ராட்டுச் சுற்றும் அக்காமார் கடைசிவரை பயனாளிகளாகவே நின்றுவிடுவார்கள்.

அரசு மானியம் என்றால் கணக்கும் கூடவே வரும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள்படி, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டும் வட்டி அமைப்புக்குச் சேராது, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய இயந்திரத்தை அனுமதியில்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. தொண்டு நிறுவனங்கள் மத்திய அரசின் 'தர்பன்' இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற்றிருப்பதும் அவசியம்.

விண்ணப்பம் இணையம் வழியாக, ஒரு முகமையின் மூலம் போகும். தேன், பனைப்பொருள் போன்றவற்றுக்குக் கதர் கிராமத் தொழில் ஆணையமும் கயிற்றுக்குக் கயிறு வாரியமும் முகமைகள். கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த பிறகு, தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் துணையோடு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க வேண்டும். இறுதி ஒப்புதல் டெல்லியில் அமைச்சகத்தின் வழிகாட்டுக் குழுவிடம். இத்திட்டத்துக்கான ஒப்புதல் 15ஆவது நிதிக்குழுவின் காலத்துக்கு, அதாவது 2026 மார்ச் 31 வரைக்கு, தரப்பட்டது என்பதால், பழைய கையேட்டை நம்பாமல் நடப்பு ஆண்டின் விதிமுறையைக் கேட்டு வாங்குங்கள்.

முப்பது நாற்பது பேர் கொண்ட மகளிர் குழுவோடு வேலை செய்யும் சிறிய அமைப்புக்கு இவ்வளவு பெரிய சுமை தேவையில்லை. நபார்டு வங்கி, குழுப் பெண்களுக்குக் குறுந்தொழில் பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. நேந்திரன் சிப்ஸ், கருப்பட்டி மிட்டாய் போன்ற உணவுத் தொழில் என்றால், 2020இல் வந்த பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் வைத்திருக்கிறார்கள்.

முதல் விசாரிப்புக்கு நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். அமைப்பின் பதிவுச் சான்று, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பட்டியலில் உள்ள இருவரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள். தும்பு என்ன விலை, ஒரு நாளில் எவ்வளவு கயிறு திரிக்க முடியும் என்று அதிகாரி கேட்டால் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.